திரையின் நீலமும் வானத்தின் நீலமும்

மனிதக் கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஏறக்குறைய 380 முதல் 780 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களைக் கொண்டது. ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர் எனப்படும். இந்த வரிசையில் 400க்கும் 500க்கும் இடைப்பட்ட குறுகிய அலைகள் ஊதாவாகவும் நீலமாகவும் தெரிகின்றன. திரைகளைப் பற்றிய இன்றைய பேச்சில் 'நீல ஒளி' என்று சுட்டப்படுவது இந்தப் பகுதிதான். பழனி மலைக்கு இவ்வொளி புதிதன்று. சென்னையில் இயங்கிய வானியல் பணிகள் 1899இல் மலையேறியபின், 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனைப் பல தனித்தனி நிறங்களில் படமெடுத்து வந்திருக்கிறது. அவற்றுள் உலகப் புகழ் பெற்ற ஒரு தொகுதி, சூரியனின் மேலடுக்கிலுள்ள கால்சியம் 393.4 நானோமீட்டரில் பதிக்கும் ஊதாக் கோட்டில் எடுக்கப்பட்டது. பூமியில் விழும் நீல ஒளியின் மிகப் பெரிய ஊற்று எது என்பதை நூறாண்டுக்கும் மேலாகப் பதிந்து வைத்திருக்கும் மலை இது.

அதே மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில், வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறும் சாலையில் தாண்டிக்குடி இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், நிழல் மரங்களின் அடியில் காப்பியும், அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகும், ஏலமும் மலைவாழையும் ஆரஞ்சும் விளையும் இவ்வூரில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. பண்ணைக்காடு, மங்களங்கொம்பு, தடியன்குடிசை, கே.சி.பட்டி என்று சுற்றிலும் உள்ள ஊர்களிலும் வேலை பெரும்பாலும் வெட்டவெளியிலோ மரநிழலிலோ நடக்கிறது. பொழுது சாய்ந்தபின் கைக்கு வருவது அலைபேசி. திரையின் நீலம் விழித்திரையைத் தின்றுவிடும் என்ற அச்சமும், அதற்கு மாற்றாக விற்கப்படும் 'ப்ளூ கட்' கண்ணாடியும் இத்தகைய ஊர்கள் வரை வந்துவிட்ட காலத்தில், அச்சத்தின் அடிப்படையைச் சோதித்துப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. ஏனெனில், நாள் முழுதும் நீல வானத்தின் கீழ் உழைப்பவருக்கு இரவில் ஒரு சிறு திரை கூடுதலாகத் தருவது எவ்வளவு என்ற கேள்வியை, நகரத்து அலுவலக அறைக்குள் இருந்து கேட்பதைக் காட்டிலும் இங்கே கூர்மையாகக் கேட்க முடியும்.

திரையின் வெள்ளை ஒளி உண்மையில் நீலத்திலிருந்தே பிறக்கிறது. காலியம் நைட்ரைடு என்னும் குறைகடத்தியைக் கொண்டு பிரகாசமான நீல எல்.இ.டி. செய்யும் வழியைக் கண்டதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த நீல விளக்கின்மேல், நீலத்தின் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக உமிழும் பொருளைப் பூசினால், எஞ்சிய நீலமும் புதிய மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பெரும்பாலான திரைகளின் பின்விளக்கும் வீட்டு எல்.இ.டி. பல்பும் இம்முறையில்தான் இயங்குகின்றன. ஆகவே இவற்றின் நிறமாலையை வரைந்து பார்த்தால் 450 நானோமீட்டரை ஒட்டி ஒரு கூரான முகடு தென்படும். விளம்பரங்களில் அச்சமூட்டும் வகையில் காட்டப்படும் வரைபடம் இந்த முகடே. வரைபடம் பொய்யன்று, ஆனால் அது நிறங்களின் பங்கீட்டை மட்டும் சொல்லி, ஒளியின் மொத்த அளவைச் சொல்லாமல் விடுகிறது.

நீல ஒளி விழித்திரையைப் புண்படுத்த வல்லது என்பது ஆய்வகத்தில் நிறுவப்பட்ட உண்மைதான். 1966இல் வெர்னர் நோயல், தொடர்ந்து வெளிச்சத்தில் வைக்கப்பட்ட எலிகளின் விழித்திரை, சூடேறாமலே சிதைவதைக் காட்டினார். 1976இல் வில்லியம் ஹாமும் அவருடைய குழுவினரும் குரங்குகளின் கண்ணில் வெவ்வேறு நிற லேசர் கதிர்களைச் செலுத்தி, அலைநீளம் குறையக் குறைய மிகக் குறைந்த ஆற்றலே காயம் உண்டாக்கப் போதுமானதாகிறது என்று கண்டனர். சுடுவதால் அன்றி, ஒளியால் தூண்டப்படும் வேதிவினையால் ஏற்படுவதால் இதை ஒளிவேதிச் சேதம் என்கின்றனர். இதன் உச்சம் 435 – 440 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. விளக்குகளுக்கான பன்னாட்டுப் பாதுகாப்பு வரம்புகள் இந்த ஆய்வுகளின் வழிவந்தவையே. அச்சத்துக்கு அண்மையில் எண்ணெய் வார்த்தது அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் அஜித் கருணாரத்ன குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு. விழித்திரையில் ஒளியை ஏற்கும் ரெட்டினால் என்ற மூலக்கூறு, நீல ஒளி பட்டதும் செல்களுக்கு நஞ்சாக மாறுவதை அவர்கள் காட்டினர். செய்தியாக அது பரவியபோது, அலைபேசி குருடாக்கும் என்ற தலைப்பாக உருமாறியது. கண்ணாடித் தட்டில் வளர்த்த, விழித்திரையைச் சேராத செல்களின்மேல், ரெட்டினாலைத் தனியே சேர்த்து நடத்திய சோதனை அது என்பதையும், உயிருள்ள கண்ணில் அம்மூலக்கூறு புரதங்களுக்குள் பொதியப்பட்டுப் பாதுகாப்பாக இருக்கிறது என்பதையும் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் விரைவில் எடுத்துச் சொன்னது. வழக்கம்போல், மறுப்புக்குத் தலைப்பின் கால்கள் இருக்கவில்லை.

நஞ்சா உணவா என்பதை அளவு தீர்மானிக்கும் என்ற பழைய மருத்துவ விதி இங்கே முழுமையாகப் பொருந்துவதால், அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பதே நேர்வழி. ஒரு பரப்பு எவ்வளவு ஒளிர்கிறது என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளக்கிறார்கள். வீட்டுக்குள் பயன்படுத்தும் அலைபேசித் திரை முழு வெளிச்சத்தில் 400 அல்லது 500 கேண்டெலா அளவில் ஒளிரும், இரவில் பெரும்பாலோர் அதனினும் குறைத்தே வைப்பர். தெளிந்த பகலின் நீல வானம் பல ஆயிரம் கேண்டெலா. ஒரு பரப்பின் மேல் வந்து விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பது வழக்கம்: 14 செ.மீ. நீளமும் 6.5 செ.மீ. அகலமும் கொண்ட, 400 கேண்டெலா ஒளிரும் வெண்திரையை 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் கண்ணில் விழுவது சுமார் 40 லக்ஸ். உச்சிவெயிலில் நிலத்தில் விழுவது ஒரு லட்சம் லக்ஸ் அளவு. தாண்டிக்குடித் தோட்டங்களின் மரநிழலிலும், மஞ்சு இறங்கிய நாளிலும்கூட அது சில ஆயிரங்களுக்குக் குறைவதில்லை. அதோடு, காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் ஆற்றல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பைச் சேர்ந்த ஜான் ஓ'ஹாகன் குழுவினர் 2016இல் பல்புகள், கணினிகள், கைக்கணினிகள், அலைபேசிகள் ஆகியவற்றை அளந்தபோது, நீண்ட நேரப் பார்வைக்கான பாதுகாப்பு வரம்பை எந்தத் திரையும் எட்டவில்லை. நீல வானத்தைப் பார்ப்பதைவிடவும் அவை குறைவாகவே தந்தன.

திரையைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தால் ஒளி கடுமையாகத் தாக்கும் என்ற பரவலான எண்ணமும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. திரை நெருங்கும்போது விழித்திரையில் அதன் உருவம் பெரிதாகிறது. உருவத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளியின் செறிவோ ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. கண்ணில் நுழையும் ஒளி கூடுகிறது, ஆனால் அது பெரிய பரப்பில் பகிர்ந்து விழுகிறது. நெருக்கத்தால் வரும் தீங்கு வேறொன்று. அது ஒளியைச் சேர்ந்ததன்று, பார்வையைக் குவிக்கும் தசையைச் சேர்ந்தது.

இனி, கண்ணாடிக் கடைக்கு வருவோம். நீல ஒளியைத் தடுக்கும் வில்லையின் ஆற்றலை மெய்ப்பிக்கக் கடைக்காரர்கள் பேனா வடிவிலான ஒரு சிறு லேசர் விளக்கையும் ஓர் அட்டையையும் எடுத்து வைப்பதைப் பல ஊர்களில் காணலாம். சாதாரண வில்லை வழியே பேனாவை அடித்தால் அட்டையின் பூச்சில் ஒளிப்புள்ளி பளிச்செனப் பதிகிறது. 'ப்ளூ கட்' வில்லையை இடையில் வைத்தால் புள்ளி மறைந்துபோகிறது. வாங்க வந்தவர் வியக்கிறார், விலை படிகிறது. இப்பேனாக்கள் பொதுவாக 405 நானோமீட்டர் ஊதா ஒளியை வீசுபவை. அவ்வகை வில்லைகள் பலவும் 420 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட ஒளியை உறிஞ்சும் பொருள் கலந்து வார்க்கப்பட்டவை. ஆகவே பேனாவின் ஒளி முழுவதும் தடைபடுவது இயல்பே. திரையோ 405 நானோமீட்டரில் அனேகமாக ஒன்றும் வீசுவதில்லை. அதன் முகடு இருக்கும் 450ஐ ஒட்டிய ஒளியை அதே வில்லை பெருமளவு உள்ளே விட்டுவிடுகிறது. விடவில்லையென்றால் உலகம் மஞ்சளாகத் தெரியும், வில்லையை யாரும் வாங்கமாட்டார்கள். சந்தையில் கிடைக்கும் இத்தகைய வில்லைகள் நீல ஒளியில் 10 முதல் 25 விழுக்காடு வரைதான் வடிகட்டுகின்றன என்று மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் லாரா டௌனி குறிப்பிட்டிருக்கிறார். திரையின் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தாலே அதைவிட அதிகம் குறையும், செலவும் இல்லை. கடையின் செய்முறை ஏமாற்று என்று சொல்வதைவிட, கேட்கப்படாத கேள்விக்குத் தரப்பட்ட சரியான விடை என்று சொல்வது பொருந்தும்.

டௌனியும் சுமீர் சிங்கும் இடம்பெற்ற குழு 2023இல் வெளியிட்ட காக்ரேன் தொகுப்பாய்வு, ஆறு நாடுகளில் நடந்த 17 சோதனைகளை ஒருங்கே மதிப்பிட்டது. காக்ரேன் என்பது, சிதறிக் கிடக்கும் மருத்துவச் சோதனைகளைத் திரட்டி, தரம் பார்த்து, ஒரே முடிவாகத் தரும் பன்னாட்டு அமைப்பு. கணினி வேலையால் வரும் கண் சோர்வை இவ்வில்லைகள் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை. தூக்கத்தைப் பொறுத்தவரை முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக இருந்தன. விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலாவைக் காக்கின்றனவா என்று சொல்வதற்குச் சான்றே கிடைக்கவில்லை. பிரிட்டனில் பெரிய கண்ணாடிக் கடைத்தொடர் ஒன்று, இவ்வில்லைகள் விழித்திரைச் சேதத்தைத் தடுக்கும் என்ற பொருள்பட விளம்பரம் செய்ததற்காக 2017இல் 40,000 பவுண்டு தண்டம் கட்ட நேர்ந்தது. லூட்டின் மாத்திரைகளின் கதையும் இதை ஒட்டியதே. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் ஒப்பந்த முறையில் பயிராகும் செண்டுமல்லியிலிருந்து பிரிக்கப்படும் அந்த மஞ்சள் நிறமிக்கு, முதுமையில் வரும் மாக்குலாச் சிதைவு ஓரளவு முற்றியவர்களுக்கான கூட்டு மருந்தில் இடம் உண்டு என்று 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. திரை பார்ப்போர் எல்லோரும் விழுங்க வேண்டியது என்று அது சொல்லவில்லை.

அப்படியானால் இரண்டு மணி நேரம் அலைபேசி பார்த்தபின் கண் எரிவதும், கரிப்பதும், தலை கனப்பதும் கற்பனையா? இல்லை. காரணம் மட்டும் வேறு. கருவிழியின்மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தை ஒவ்வொரு இமைப்பும் புதுப்பிக்கிறது. கூர்ந்து பார்க்கும்போது இமைப்பு குறைகிறது. ஜப்பானியக் கண் மருத்துவர்களான கசுவோ சுபோட்டாவும் கட்சு நகமோரியும் 1993இல் அளந்தபோது, ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கையில் 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கையில் 7 முறையும் இமைத்தனர். புத்தகத்தை மேசைமேல் வைத்துக் குனிந்து படிக்கையில் மேலிமை பாதி தாழ்ந்து கண்ணை மூடியிருக்க, நேர் எதிரே வைத்த கணினித் திரையைப் பார்க்கையில் கண் அகலத் திறந்திருப்பதால் ஈரம் விரைவாக ஆவியாகிறது. பனிக்காலத்து மலைக்காற்று வறண்டிருக்கும் நாள்களிலும், அடுப்புப் புகை சூழ்ந்த வீட்டுக்குள்ளும் இது கூடும். இதோடு, 25 செ.மீ. தொலைவில் பிடித்த எழுத்தைத் தெளிவாக்க விழிவில்லை நான்கு டயாப்டர் அளவுக்குத் தொடர்ந்து குவிந்து நிற்க வேண்டியிருக்கிறது; டயாப்டர் என்பது வில்லையின் குவிக்கும் திறனை அளக்கும் அலகு, கண்ணாடிச் சீட்டில் 'பவர்' என்று எழுதப்படும் எண் அதுவே. இமைக்க மறந்த கண்ணும் இளைப்பாறாத தசையும் தரும் வேதனையை நிறத்தின் தலையில் கட்டுவது, வலியின் காரணத்தை விட்டுவிட்டு விளக்கைப் பழிப்பதாகும்.

நிறத்துக்கு உண்மையாகவே பங்குள்ள ஓர் இடம் தூக்கம். பார்வைக்கென அமைந்த செல்களுக்கு அப்பால், பகல் இரவை உடலுக்கு அறிவிக்கும் ஒரு சிறு செல் கூட்டம் விழித்திரையில் உண்டு. 1998இல் இக்னாசியோ புரோவென்சியோ தவளைத் தோலின் நிறமிச் செல்களில் முதலில் கண்டறிந்த மெலனாப்சின் என்னும் புரதம் அச்செல்களிலும் இருக்கிறது. அது 480 நானோமீட்டரை ஒட்டிய நீலத்துக்கு மிகுதியாக இசைவது. மாலைக்குப்பின் இச்செல்கள் தூண்டப்பட்டால், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 12 பேர் படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் கைக்கணினியில் படித்தபோது, அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிடத் தூங்கப் பத்து நிமிடம் அதிகம் பிடித்தது. ஆனால் அவர்கள் அன்று மாலை முழுதும் மிக மங்கிய அறையில் இருந்தவர்கள். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தபின் இரண்டு மணி நேரம் கைக்கணினியில் படித்தவர்களின் மெலடோனினில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அந்த 'நல்ல வெளிச்சம்' 600 லக்ஸை எட்டாதது. காப்பித் தோட்டத்தில் எட்டு மணி நேரம் நின்றவருக்கு அது விடியற்கால வெளிச்சத்துக்கு ஒப்பு. பகலை வெளியில் கழிப்பவரின் உடற்கடிகாரம் இரவின் சிறு திரைக்கு எளிதில் இடம் கொடுக்காது என்று இதிலிருந்து ஊகிக்க இடமுண்டு. அவரை விழித்திருக்க வைப்பது திரையின் நிறமாக இருப்பதைவிட, ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தொடங்கிவிடும் காணொளிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே அஞ்ச வேண்டியது நீலத்தின் மிகுதியை அன்று, வெளிச்சத்தின் குறைவை. விழிக்கோளம் முன்பின்னாக நீண்டு, தொலைவிலுள்ளவை மங்கலாகும் கிட்டப்பார்வை உலகெங்கும் பெருகுகிறது. 2050க்குள் உலக மக்களில் பாதிப் பேருக்கு அது இருக்கும் என்று பிரையன் ஹோல்டன் குழுவினர் 2016இல் கணித்தனர். தமிழ்நாட்டின் நகர, ஊரகப் பள்ளிகளில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வு, பிள்ளைகளில் 17.5 விழுக்காட்டினருக்கு அது இருப்பதைக் கண்டது. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் ஆறு, ஏழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம்: சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தவர்கள் அல்லர், ஆனால் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியில் இருந்தனர், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம், கிட்டப்பார்வை சிட்னியில் 3.3 விழுக்காடு, சிங்கப்பூரில் 29.1. பின்னர் சீனாவின் குவாங்சோவில், பள்ளி நேரத்தில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்ட பிள்ளைகளிடையே மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, மற்றவர்களிடையே 39.5. பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து, விழிக்கோளத்தின் மிகை வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது இப்போது முன்நிற்கும் விளக்கம். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் அலைபேசிக்குள் வந்தபோது, ராஜஸ்தான் கண் மருத்துவர்கள் ஆய்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரைசார் கண் சோர்வு காணப்பட்டது. மலைக் கிராமப் பிள்ளைகளோ அதே மாதங்களில் சிக்னல் தேடி மேடுகளுக்கு ஏறி, வானத்தின் கீழ் அமர்ந்து பாடம் கேட்டனர். படிப்புக்கு அது கொடுமை. கண்ணுக்கு மட்டும் தற்செயலான நன்மை. மலைப்பள்ளி மைதானத்தைவிட நல்ல கண் மருந்தை எந்த வில்லையும் தரப்போவதில்லை என்னும்போது, உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கும் பழக்கத்தைக் கண் மருத்துவத்தின் பார்வையிலும் கேள்வி கேட்கலாம்.

ஒளி கண்ணைக் கெடுக்கும் மெய்யான நிகழ்வுகள் இம்மலையில் இல்லாமலில்லை; அவை கதிரவனிடமிருந்து வருபவை. ஆயிரம் மீட்டர் ஏறும்போது புறஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. ஊதாவுக்கும் குறுகிய, கண்ணுக்குத் தெரியாத அக்கதிர்தான் வெள்விழியிலிருந்து கருவிழிமேல் சதை படர்வதிலும், கண்புரையிலும் பங்கு வகிப்பது. தலைப்பாகை, முண்டாசு, அகன்ற விளிம்புத் தொப்பி ஆகியவை இதற்கு எளிய காப்பு. சூரியனை நேரே உற்றுப் பார்ப்பதோ, ஹாம் குரங்குகளில் கண்ட ஒளிவேதிச் சேதத்தைச் சில நிமிடங்களிலேயே மனித விழித்திரையில் உண்டாக்கக்கூடியது. 2019 டிசம்பர் 26ஆம் நாள் காலை திண்டுக்கல் வட்டாரத்தின் மேல் வளைய சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது உரிய வடிகட்டி இல்லாமல் பார்க்க வேண்டாம் என்று அறிவியலாளர்கள் எச்சரித்ததன் காரணம் இது. நீல ஒளியின் தீங்கு பற்றிய எச்சரிக்கை முழு நியாயத்துடன் பொருந்துவது அந்த ஒரு காலைப்பொழுதுக்கு.

நீல வில்லைக்குச் செலவாகும் பணம் எங்கே பயன்பட்டிருக்கும் என்று கேட்டால், விடை நாற்பது வயதைத் தாண்டியவர்களின் வெள்ளெழுத்தில் இருக்கிறது. வயதேற விழிவில்லை விறைத்து, அருகிலுள்ளவை மங்கும் இந்நிலை எவரையும் விட்டுவைப்பதில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, கிட்டப் பார்ப்பதற்கான எளிய கண்ணாடி பெற்றவர்களின் அன்றாடப் பறிப்பு, பெறாதவர்களைக் காட்டிலும் 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்ததைக் காட்டியது. காப்பிப் பழத்தில் பழுத்ததையும் செங்காயையும் பிரித்தெடுப்பதும், மிளகுக் கொத்தில் சிவந்த மணி கண்டு பறிப்பதும், ஏலத்தைத் தரம் பிரிப்பதும் தேயிலைக் கொழுந்து கிள்ளுவதற்குச் சற்றும் குறையாத நுண்பார்வை வேண்டும் வேலைகள். மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் அமைத்து வரும் பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, தொலைவிலிருக்கும் மருத்துவர் திரை வழியே நோயாளியுடன் பேசி மருந்தும் கண்ணாடியும் பரிந்துரைக்கிறார். அத்தகைய சோதனையில் தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் எதை எந்தத் தொலைவில் பார்க்கிறார் என்பதே: கைநீளத்தில் வளைத்துப் பிடிக்கும் கிளைக்குத் தேவையான பவர் குறைவு, இரவில் ஓரடிக்குள் பிடிக்கும் அலைபேசிக்குத் தேவையானது கூடுதல், ஒன்றுக்கு எழுதிய கண்ணாடியை மற்றதற்குப் போட்டால் கண் நோகும், நோவுக்குப் பழி மறுபடியும் நீல ஒளியின்மேல் விழும்.